23 வருடம் ஒரு சுற்றைக்கூட வெல்லாத அணி: ஐலாண்டர்ஸ் ஆபீஸில் நடந்தது என்ன?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா வீட்டுக்காரர் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலாண்டில் இருக்கிறார். அங்குள்ள ஐலாண்டர்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி என்றால் அவருக்கு உயிர். போனில் பேசும்போதெல்லாம் "ஆடுறவனைச் சொல்லிக் குத்தமில்ல, ஆபீஸ்தான் டீமைக் கெடுத்துச்சு" என்கிறாராம். ஒரு ஆபீஸ் எப்படி ஒரு டீமைக் கெடுக்கும், நம்ம ஊர் ஹாக்கிக்கும் இது பொருந்துமா என்பதுதான் கேள்வி. தம்பி இப்போதுதான் தன் கிளப்புக்குச் செயலாளர் ஆகியிருக்கிறார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தம்பி, மாமா சொல்வது சரி. நான் கடலூர்க்காரன். மஞ்சக்குப்பத்து மண் தரையில் ஹாக்கி ஆடிப் பழகியவன். பிறகு வேலைக்காக லாங் ஐலாண்டில் ஹிக்ஸ்வில் என்ற ஊரில் சில வருடம் இருந்தேன். ஆபீஸ் நண்பர் ஒருவர் கூப்பிட்டார் என்று நாசாவ் கொலீசியத்துக்கு முதல் தடவை போனபோது எனக்கு ஐஸ் ஹாக்கியின் ஆஃப்சைடு விதிகூடத் தெரியாது. கூரையைப் பார்த்தேன். 1980, 1981, 1982, 1983 என்று வரிசையாக நான்கு சாம்பியன் கொடிகள் தொங்கின. கீழே பார்த்தால் பல வரிசைகளில் ஆளே இல்லை. தொடர்ந்து நான்கு வருடம் கோப்பை வாங்கிய ஒரு டீம் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று அன்றைக்குத் தேட ஆரம்பித்தேன். இன்றுவரை விடவில்லை.

முதலில் யார் யாருக்கு என்ன வேலை என்று புரிந்துகொள்ள வேண்டும். உரிமையாளர் பணம் போடுகிறார். ஜெனரல் மேனேஜர் யாரை எடுப்பது, யாரை விடுவது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று முடிவு செய்கிறார். கோச், கையில் இருக்கும் ஆட்களை வைத்து ஆட வைக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை டிராஃப்ட் நடக்கும். 18 வயதுப் பையன்களை அணிகள் முறைபோட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். கீழே கிடக்கும் அணிகளுக்கு அதில் முன்னுரிமை. தன் முறையையேகூட இன்னொரு அணிக்குக் கொடுத்துவிட்டு ஆட்டக்காரனை வாங்கலாம். 2005 முதல் ஒரு அணி மொத்தச் சம்பளமாக இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற உச்சவரம்பும் இருக்கிறது. ஆகவே ஒரு தப்பை மூடுவதற்கு இன்னும் கொஞ்சம் பணத்தைக் கொட்டலாம் என்ற வழி அங்கே கிடையாது.

ஐலாண்டர்ஸை உருவாக்கியவர் பில் டோரி. 1972இல் அணி பிறந்தது. முதல் சீசனில் 78 ஆட்டத்தில் ஜெயித்தது வெறும் 12. அதற்குப் பரிசாக முதல் டிராஃப்ட் முறை கிடைத்தது. அன்றைக்குப் பெரிய அணியான மான்ட்ரியால், அந்த முறையைக் கொடுங்கள், பதிலுக்கு உடனே ஆடக்கூடிய ஆட்களைத் தருகிறோம் என்று கேட்டது. பசித்தவனுக்கு முன்னால் இலை போட்டது மாதிரியான நிலை. டோரி கொடுக்கவில்லை. அந்த முறையில் எடுத்த டெனிஸ் பாட்வின்தான் பின்னால் நான்கு கோப்பைக்கும் கேப்டன். அடுத்து ஆல் ஆர்பர் என்ற கோச்சைக் கொண்டுவந்தார். அந்த இருவரும் பல வருடம் அதே நாற்காலியில் இருந்தார்கள். சீசன் முடிந்தபின் மேலே இருக்கும் அணிகள் கோப்பைக்காக மோதும் சுற்றுகளுக்குப் பிளே ஆஃப் என்று பெயர். 1980 முதல் 1984 வரை தொடர்ந்து 19 பிளே ஆஃப் சுற்றுகளை ஜெயித்தார்கள்.

1992இல் டோரி போனார். 1993இல் ஆர்பரின் அணி பலமான பிட்ஸ்பர்கை வீழ்த்தியது. அதற்கப்புறம் 2016 வரை ஒரு பிளே ஆஃப் சுற்றுகூட இல்லை. உங்கள் மாமா புலம்புவது இந்த 23 வருடத்தைத்தான்.

இதில் ஒரு சின்ன விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், சின்னதாக இருந்தாலும் என்னை ரொம்பப் பாதித்தது. 1995இல் நான்கு கோப்பை வாங்கிய சட்டைச் சின்னத்தைத் தூக்கிவிட்டு, துடுப்பு மாதிரி ஹாக்கி மட்டையைப் பிடித்த ஒரு தாடிக்கார மீனவரைப் போட்டார்கள். தேவனாம்பட்டினத்தில் வளர்ந்த என் நண்பனிடம் இதைச் சொன்னபோது, "சட்டையில மீனவர் இருந்தா நல்லதுதானே அண்ணே" என்றான். மீனவரில் எந்தத் தப்பும் இல்லை. அந்தப் பழைய சின்னத்தோடு அழுது சிரித்த ஜனங்களிடம் போதுமான அளவு கேட்காமல் மாற்றியதுதான் தப்பு. எதிரணி ரசிகர்கள் கிண்டல் பண்ண, சொந்த ரசிகர்கள் கோபப்பட, 1997இல் பழைய சின்னத்துக்கே திரும்பினார்கள். அதே நேரம் ஜான் ஸ்பானோ என்பவர் அணியை வாங்குவதாக வந்து, எல்லா அணிகளையும் நடத்தும் லீகின் ஒப்புதலும் வாங்கி, நிர்வாகத்தையும் கையில் எடுத்தார். அப்புறம் பார்த்தால் அவரிடம் பணமே இல்லை. மோசடிக்காக அவருக்கு 71 மாதம் சிறை. ஒரு அணியை ஒப்படைக்கும் முன் ஆளின் கணக்கைச் சரியாகப் பார்க்காத லீகுக்கும் இதில் பங்கு உண்டு.

சரி, இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 1995 கடைசியில் மைக் மில்பரி ஜெனரல் மேனேஜர் ஆனார். 1997இல் அவரே டிராஃப்டில் ராபர்ட்டோ லுவாங்கோ என்ற கோலியை, அதாவது கோல்கீப்பரை, நான்காவது ஆளாக எடுத்தார். கோலி என்பவன் மெதுவாக விளைகிறவன், 25 வயதுக்கு மேல்தான் முழு உருவம் தெரியும். லுவாங்கோவுக்கு 21 வயது ஆனபோது, 2000 டிராஃப்ட் நாளன்று, அவரையும் ஓலி யோக்கினன் என்ற இளைஞரையும் புளோரிடாவுக்குக் கொடுத்துவிட்டு, முதல் முறையில் ரிக் டிபியட்ரோ என்ற இன்னொரு கோலியை எடுத்தார். அடுத்த வருடம் ஸ்டேனோ சாராவையும் டிராஃப்டின் இரண்டாவது முறையையும் ஒட்டாவாவுக்குக் கொடுத்து அலெக்ஸி யாஷினை வாங்கினார். யாஷினுக்குப் பத்து வருடம், 8.75 கோடி டாலர் ஒப்பந்தம்.

விளைவைக் கேளுங்கள். லுவாங்கோ 489 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்து ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். சாரா 2011இல் பாஸ்டனுக்குக் கேப்டனாகக் கோப்பை தூக்கினார், அவரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். அந்த இரண்டாவது முறையில் ஒட்டாவா எடுத்த ஜேசன் ஸ்பெஸா ஆயிரம் ஆட்டத்துக்கு மேல் ஆடினார். யாஷினை 2007இல் காசு கொடுத்து அனுப்பினார்கள், அந்தக் காசு 2015 வரை போய்க்கொண்டிருந்தது. 1973இல் டோரி எந்த முறையைக் கொடுக்க மறுத்தாரோ, ஏறக்குறைய அதே மதிப்புள்ள முறையை 2001இல் கொடுத்துவிட்டார்கள். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை அவர்களே உடைத்தார்கள்.

ஆனால் இங்கே ஒரு நியாயம் சொல்ல வேண்டும். யாஷின் வந்த வருடம் அணி பிளே ஆஃபுக்குத் திரும்பியது, 1994க்குப் பிறகு முதல் தடவையாக. தப்பான முடிவு எல்லா ஆபீஸிலும் நடக்கும். ஒரு பையன் எப்படி வளர்வான் என்று யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது. மில்பரி காலத்துத் தப்புகளுக்கு மில்பரி என்று ஒரு பெயராவது இருந்தது. 2006இல் நடந்ததற்கு அப்படி ஒரு பெயர்கூட இல்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட மோசமாகப் படுகிறது.

அந்த வருடம் உரிமையாளர் சார்லஸ் வாங், நீல் ஸ்மித்தை ஜெனரல் மேனேஜராக நியமித்தார். 1994இல் பக்கத்து அணியான ரேஞ்சர்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த அணியைக் கட்டியவர் ஸ்மித். நல்ல தேர்வு. ஆனால் கோச் டெட் நோலனையும் உரிமையாளரே நியமித்தார். பழைய நட்சத்திரம் பாட் லாஃபாண்டெய்ன் ஆலோசகர். எல்லோரும் கூடிப் பேசி, கமிட்டியாக முடிவெடுக்க வேண்டும் என்பது வாங்கின் எண்ணம். கம்ப்யூட்டர் கம்பெனியை வளர்த்தவர், அங்கே அது நடந்திருக்கலாம். ஹாக்கியில் சம்மர் முழுக்க மற்ற 29 அணிகளும் ஒரு போனில் ஆளை முடிக்கும்போது, இங்கே ஸ்மித் ஒவ்வொன்றுக்கும் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். தலைக்குத் தலை நாட்டாமை. சுமார் 40 நாளில் ஸ்மித்தை அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வந்தது யார் தெரியுமா? அதே அணியின் மாற்று கோலி கார்த் ஸ்னோ. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று நேராக மேனேஜர் நாற்காலிக்கு வந்தார். அன்றைக்கே லாஃபாண்டெய்னும் ராஜினாமா.

இரண்டு மாதம் கழித்து, செப்டம்பரில், டிபியட்ரோவுக்கு 15 வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். 6.75 கோடி டாலர். அப்போது அவருக்கு வயது 24. கோலியின் இடுப்பும் முட்டியும் எவ்வளவு அடி தாங்கும் என்று ஒரு கோலியான ஸ்னோவுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் கையெழுத்தானது. 2008க்குப் பிறகு ஐந்து சீசனில் டிபியட்ரோ ஆடியது மொத்தம் 50 ஆட்டம். ஒரு சீசனுக்கு 82 ஆட்டம் என்று நினைவில் வையுங்கள். 2013இல் அவரை விடுவித்தார்கள், வருடம் 15 லட்சம் டாலர் வீதம் 2029 வரை கொடுக்க வேண்டும். நான் ஹிக்ஸ்வில்லில் இருந்த காலத்தில் டிபியட்ரோவின் பெயர் போட்ட சட்டையோடு வந்து உட்காரும் ரசிகர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை. உடம்பு ஒத்துழைக்காத ஒருவன் தினமும் பழி சுமந்தான், அதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

ஸ்னோ 12 வருடம் இருந்தார். அவரை முட்டாள் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். 2009இல் ஜான் டவாரஸை எடுத்தார். 2015இல் எட்மன்டனிடமிருந்து இரண்டு டிராஃப்ட் முறைகளை வாங்கி, ஒன்றில் மேத்யூ பார்சலை எடுத்தார். ஒரு காலத்தில் தாங்கள் பட்ட அடியை அன்று எட்மன்டன் வாங்கியது. ஆனால் சொந்த அரங்கம் இல்லாமல் அணி அலைந்தது. 2011இல் புது அரங்கத்துக்கு 40 கோடி டாலர் கடன் வாங்கலாமா என்று கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வாக்கெடுப்பு நடத்தினார்கள், ஜனங்கள் வேண்டாம் என்றார்கள். 2015இல் புரூக்ளினுக்குப் போனார்கள். அது கூடைப்பந்துக்காகக் கட்டிய இடம். ஐஸ் போட்டால் ஸ்கோர்போர்டு மைதானத்துக்கு நடுவில்கூட இல்லை, ஒரு பக்கமாகத் தொங்கும். சில நாற்காலியிலிருந்து ஒரு கோல் கம்பமே தெரியாது. இப்படி ஒரு இடத்தில் ஆடும் அணியில் தங்க எந்த ஆட்டக்காரனுக்கு மனசு வரும்? 2018இல் டவாரஸ் டொராண்டோவுக்குப் போய்விட்டார். பதிலுக்கு ஐலாண்டர்ஸுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இனிமேல்தான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். 2018 கோடையில் லூ லமொரெல்லோ மேனேஜராக வந்தார். அந்த வருடம்தான் வாஷிங்டனுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்திருந்த பேரி டிராட்ஸைக் கோச்சாகக் கொண்டுவந்தார். அணியின் பெரிய ஆட்டக்காரன் போய்விட்டான், மிச்சம் இருந்தவர்கள் பெரும்பாலும் பழைய ஆட்கள்தான். 2017-18இல் லீகிலேயே அதிக கோல் வாங்கிய அணி அது. 2018-19இல் லீகிலேயே குறைவாக கோல் வாங்கிய அணி ஆனது. ஒரே வருடத்தில்! 2020இலும் 2021இலும் கடைசி நான்கு அணிக்குள் வந்தார்கள்.

டிராட்ஸ் செய்தது மந்திரம் கிடையாது. கோலுக்கு நேர் எதிரே இருக்கும் இடத்தை ஐந்து பேரும் சேர்ந்து அடைத்துவிட வேண்டும், பக் (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) ஓரத்தில் போனால் போகட்டும். இதைத் தினமும் பயிற்சியில் செய்ய வைத்தார். ஆட்டக்காரன் அதைக் கேட்டான். கோச் சொல்வதை மேனேஜர் மாற்ற மாட்டார், மேனேஜர் சொல்வதை முதலாளி மாற்ற மாட்டார் என்று அவனுக்குத் தெரியும். அதற்கு முன்னால் அந்த நம்பிக்கை இல்லை. லமொரெல்லோ கறாரான ஆள், தாடி வைக்கக் கூடாது என்பதுவரை விதி வைத்திருந்தவர். அந்த விதி எனக்குப் பிடிக்காது. ஆனால் விதி யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அவரும் சறுக்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். 2021-22இல் புது அரங்கம் கட்டி முடியாததால் முதல் 13 ஆட்டமும் வெளியூர். நடுவில் கோவிட் வேறு. அந்த ஒரு மோசமான வருடத்துக்காக டிராட்ஸை நீக்கினார். அணிக்குப் புதுக் குரல் வேண்டும் என்றார். அது தப்பு என்பது என் கருத்து. அப்புறம் அந்த அணி ஒரு சுற்றும் ஜெயிக்காமல் இருக்க, 2025இல் லமொரெல்லோவின் ஒப்பந்தத்தையும் நீட்டிக்கவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஆபீஸ் கெடுத்த கதை இன்னும் வலிக்கும். 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் 32 வருடத்துக்குப் பிறகு இந்தியா ஹாக்கியில் தங்கம் வாங்கியது, கேப்டன் தன்ராஜ் பிள்ளை. அடுத்த அணி அறிவிப்பில் அவரும் இன்னும் சில மூத்தவர்களும் இல்லை. ஓய்வு கொடுத்தோம் என்றது இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு. பணப்பாக்கியைப் பற்றிப் பேசியதற்கான தண்டனை என்றுதான் ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் நம்பினார்கள். 2008 மார்ச்சில் சான்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 1928க்குப் பிறகு முதல் தடவையாக இந்திய ஹாக்கி அணி ஒலிம்பிக் போகவில்லை. அடுத்த மாதமே கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தார்கள்.

ஹாக்கி இந்தியா என்ற புது அமைப்பு வந்தபிறகும் பழக்கம் போகவில்லை. 2014இல் கோச் டெர்ரி வால்ஷ் ஆசியப் போட்டித் தங்கம் வாங்கிக் கொடுத்துவிட்டு சில வாரத்தில் விலகினார். அடுத்து வந்த பால் வான் ஆஸ், 2015இல் ஆன்ட்வெர்ப்பில் மலேசியாவை ஜெயித்த ஆட்டத்துக்குப் பிறகு, ஹாக்கி இந்தியாவின் தலைவர் மைதானத்துக்குள் வந்து ஆட்டக்காரர்களிடம் பேசியதைத் தான் தடுத்ததாகச் சொன்னார். அந்த மாதமே அவர் பதவி போனது. பிறகு ஓல்ட்மன்ஸ், மரைன், ஹரேந்திர சிங். 2019இல் கிரகாம் ரீட் வந்தார். டோக்கியோவரை அவரை யாரும் தொடவில்லை. கோவிட் காலத்தில் பெங்களூரு முகாமிலேயே ஆட்டக்காரர்களோடு இருந்தார். 2021 ஆகஸ்ட் 5, ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்து 41 வருடத்துக்குப் பிறகு பதக்கம். அன்று காலை நான் டிவி முன்னால் நின்றுகொண்டேதான் பார்த்தேன். கடைசி ஆறு விநாடியில் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்து, நம் கோலி ஸ்ரீஜேஷ் அதைத் தடுத்தபோது உட்கார முடியவில்லை.

ஹாக்கி இந்தியா லீகையும் நீங்கள் கேட்பீர்கள். 2013இல் முதல் கோப்பை வாங்கிய ராஞ்சி ரைனோஸ் அணியே இரண்டு வருடத்துக்குள் கலைந்துபோனது. லீக் 2017இல் நின்று 2024 டிசம்பரில்தான் திரும்பியது. தமிழ்நாடு டிராகன்ஸுக்காக நானும் கைதட்டுகிறேன். ஏலத்தில் யாரை எடுத்தார்கள் என்பதைவிட, மூன்று சீசன் கழித்தும் அதே கோச்சும் அதே நிர்வாகமும் இருக்கிறார்களா என்றுதான் பார்ப்பேன்.

இப்போது உங்கள் கிளப். நான் ஒரு கிளப்பில் அணி மேனேஜராக இருந்தபோது கோவில்பட்டிக்கு ஒரு டோர்னமென்டுக்குக் கிளம்பினோம். விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். இரண்டு கோலிகள், பேடும் கவசமும் வைத்த ஒரே ஒரு கிட் பை. அந்தப் பையைப் பெரிய பையன் தலைமாட்டில் வைத்து பிளாட்பாரத்தில் படுத்திருந்தான். அவன்தான் முதல் ஆட்டம் ஆடப்போகிறான் என்று கோச் இரண்டு நாள் முன்பே சொல்லியிருந்தார். பத்து மணிக்குக் கோச்சுக்கு ஒரு போன். சட்டை எடுத்துக் கொடுத்தவருக்கு வேண்டிய பையன்தான் சின்ன கோலி. கோச் பேசி முடித்து என்னைப் பார்த்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போய்ப் பையை எடுத்துச் சின்னவன் பக்கத்தில் வைத்தார். பெரியவன் எழுந்து உட்கார்ந்தான், எதுவும் கேட்கவில்லை. மறுநாள் நான்கு கோல் வாங்கித் தோற்றோம். கோல் வாங்கியதுகூடப் பெரிய விஷயம் இல்லை. அந்தப் பெரியவன் அடுத்த மாதத்திலிருந்து பயிற்சிக்கு வரவில்லை. சின்னவனும் ஒரு வருடத்தில் நின்றுவிட்டான். அவனைப் பார்த்து மற்ற பையன்கள் பேசிய பேச்சை அவன் தாங்கவில்லை. அன்றைக்கு யார் முடிவெடுத்தது என்று கேட்டால் கோச் என்னைக் காட்டுவார், நான் அந்தப் போனைக் காட்டுவேன்.

அதனால் செயலாளராக நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். செலக்ஷன் பட்டியலை டோர்னமென்டுக்கு ஒரு வாரம் முன்பே எழுதி, கோச் மட்டும் கையெழுத்துப் போட்டு, பையன்கள் பார்க்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். பணம் கொடுப்பவரைப் பட்டியல் ஒட்டிய பிறகு பார்க்கப் போங்கள், முன்னால் போகாதீர்கள். கோச்சை எத்தனை வருடத்துக்கு வைத்திருப்பீர்கள் என்பதை இப்போதே கமிட்டியில் தீர்மானமாக எழுதுங்கள், இரண்டு வருடத்துக்குக் குறையாமல். நடுவில் ஒரு டோர்னமென்ட் தோற்றால் யாராவது கூட்டம் போடச் சொல்வார்கள், அந்தத் தீர்மானத்தை எடுத்துப் படியுங்கள். முடிந்தால் இரண்டாவது கோலி கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். பழைய கிட் ஒன்று என்னிடம் இருக்கிறது, கால் பேடு மட்டும் தைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சக்குப்பம் வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம்.